கவிதைக்கு ஒரு வலைப்பூ: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

கவிதை எழுதும் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வலைப்பூ தொடங்க உதவியிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். முதல் நாள் வார்ப்புரு (பக்கத்தின் தோற்ற அமைப்பு), நிறம், மேலே ஒரு படம். இரண்டாம் நாள் ஒரு கவிதை. அன்று மாலையே தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அறிவிப்பு. நாற்பது ஐம்பது பேர் வந்து அந்த ஒரு கவிதையைப் பார்த்துவிட்டு, அடுத்து படிக்க எதுவும் இல்லாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். மூன்றாம் மாதம் வலைப்பூ நின்றுவிடுகிறது. கவிதைகளில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை, செய்த வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. அறிவிப்பு கடைசியில் வர வேண்டும், அதற்கு முன் செய்ய நிறைய இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது இருபத்தைந்து கவிதைகள், எழுதித் திருத்தி முடித்தவை. இது இல்லாமல் தொடங்க வேண்டாம். வாரம் ஒன்று என்று போட்டால் இருபத்தைந்து கவிதை ஆறு மாதத்துக்கு வரும், அந்த ஆறு மாதத்தில் புதிதாக எழுத நேரம் கிடைக்கும். கையிருப்பு இல்லாதவர்கள் நான்காவது வாரம் எதையாவது எழுதிப் போட வேண்டிய கட்டாயத்துக்கு வந்துவிடுகிறார்கள், அந்தக் கவிதை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் வலைப்பூவுக்கென்று ஒரு மின்னஞ்சல் கணக்கு. கடவுச்சொல் மறந்தால் மீட்டெடுக்க இன்னொரு மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அதில் சேர்த்திருக்க வேண்டும். எண்ணை மாற்றும்போது இங்கேயும் மாற்ற வேண்டும். பழைய எண்ணோடு கணக்கையும், அதோடு நான்கு வருடக் கவிதைகளையும் இழந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கவிதையைத் தட்டச்சு செய்யக் கணினி இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் பரவாயில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கச் சின்னத் திரையுள்ள ஒரு பழைய கைபேசி கண்டிப்பாக வேண்டும். உங்கள் வாசகர் கையில் இருப்பது அதுதான்.

2. கவிதைகளை இரண்டாகப் பிரியுங்கள்

இதைச் செய்யாமல் பிறகு வருந்துகிறவர்கள்தான் அதிகம். சிற்றிதழ்களும் இணைய இதழ்களும் பெரும்பாலும் ‘வேறெங்கும் வெளிவராத’ படைப்புகளைத்தான் கேட்கின்றன, வலைப்பூவில் வந்ததும் ஃபேஸ்புக்கில் வந்ததும் ‘வெளிவந்தது’ என்றே கணக்கு. உங்களின் மிகச் சிறந்த ஐந்து கவிதைகளை ஆர்வத்தில் முதல் மாதமே ஏற்றிவிட்டால் அவை இதழ்களுக்குப் போக முடியாது.

ஆகவே ஒரு நோட்டில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று இதழுக்கு அனுப்பக் காத்திருப்பவை, இன்னொன்று வலைப்பூவுக்கு. இதழுக்கு அனுப்பியவற்றின் எதிரே அனுப்பிய தேதியைக் குறியுங்கள். இதழில் வந்த பிறகு, அந்த இதழின் விதி அனுமதித்தால், எந்த இதழ், எந்த மாதம் என்ற குறிப்போடு வலைப்பூவிலும் போடலாம். முன்பின் தெரியாத ஒருவர் உங்களைப் படிக்க அந்தக் குறிப்பே ஒரு காரணமாகிவிடும்.

அதற்காக வலைப்பூவுக்கு மிச்சம் மீதியை ஒதுக்கிவிடாதீர்கள். முதல் வரிசைக் கவிதைகளில் பாதியாவது இங்கே வர வேண்டும். புதிதாக வருகிறவர் படிக்கப்போவது ஒன்றோ இரண்டோதான்.

3. எழுத்துருச் சிக்கலை ஒரேயடியாகத் தீர்த்துவிடுங்கள்

பழைய கோப்புகள் பாமினி, டிஸ்கி, டாம், டாப் போன்ற குறியீடுகளில் இருந்தால் முதலில் எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் வாசகர் திரையில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் தெரியும். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எதைப் பார்ப்பது? ‘அவர்’ என்ற சொல்லில் ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்கால் மேல் புள்ளி வைத்து ‘அவா்’ என்று வந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தேடுபொறிக்கு வேறு வேறு சொற்கள். ‘மாரி’ என்பது ‘மாாி’ ஆகியிருக்கும். துணைக்கால் மேல் புள்ளியோ, துணைக்காலை அடுத்து இகரக் குறியோ தமிழில் எங்கும் வராது, அதனால் இவற்றைத் தேடி மொத்தமாக மாற்றிவிடலாம், ஆபத்தில்லை.

இன்னொன்று ‘கௌரி’. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று அடித்திருப்பார்கள். இதை மொத்தமாக மாற்றக் கூடாது, மாற்றினால் வெள்ளமும் வெள்ளியும் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு கவிதையின் ஒரு வரியை நினைவு வைத்திருந்து தேடுகிறவருக்கு அது கிடைக்காமல் போவதற்கு இப்படி ஒரு எழுத்து போதும்.

4. இடமும் முகவரியும்

வலைப்பூ நடத்த இடம் தரும் சேவைகளான பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டில் எது என்று வாரக்கணக்கில் யோசிக்க வேண்டாம். பிளாக்கர் முழுக்க இலவசம், நீங்களாகச் சேர்க்காதவரை விளம்பரம் வராது. வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசக் கணக்கில் அவர்களுடைய விளம்பரங்கள் கவிதைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் மின்னஞ்சலில் பின்தொடரும் வசதி அங்கே உள்ளேயே இருக்கிறது, பிளாக்கரில் இல்லை. முதல் முறை தொடங்குகிறவர்களுக்கு நான் பிளாக்கரைத்தான் சொல்கிறேன்.

முகவரியில் கவனம் வேண்டும். அது ஆங்கில எழுத்தில்தான் அமையும், அதனால் தொலைபேசியில் ஒருவருக்குச் சொன்னால் பிழையில்லாமல் அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ழ, ள, ற வரும் அழகான தமிழ்ப் பெயர்களை ஆளுக்கு ஒரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ‘நிழல்வெளி’ என்று வைத்தால் எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கள் எழுதும் பெயரையே முகவரியாக வைப்பது நல்லது. வாசகர் நினைவில் நிற்பது கவிஞரின் பெயர், வலைப்பூவின் பெயரல்ல.

சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்றே ஓர் இணைய முகவரி, வாங்குவதை ஒரு வருடம் கழித்து வைத்துக்கொள்ளலாம். பிளாக்கரில் பிறகு இணைத்தாலும் பழைய முகவரிக்கு வருகிறவர்கள் தானாகப் புதியதற்குப் போய்ச் சேர்வார்கள். வாங்கினால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், முதல் வருட விலையை விட அடுத்த வருட விலை கூடுதலாக இருக்கும் என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

5. வார்ப்புரு

வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே நெடுவரிசை. கறுப்புப் பின்னணியில் ஊதா எழுத்து, விழுந்துகொண்டே இருக்கும் ரோஜா இதழ்கள், தானாக ஒலிக்கும் இசை எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் சோதியுங்கள். பிளாக்கரின் புதிய வார்ப்புருக்கள் சிலவற்றில் முகப்பில் கவிதையின் முதல் சில வரிகள் மட்டும் முன்னோட்டமாக வரும், வரி முறிவுகள் எல்லாம் போய் ஒரே உரைநடையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கவிதைக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. முழுப் பதிவையும் முகப்பிலேயே காட்டும் எளிய வார்ப்புருவைத் தேர்ந்தெடுங்கள், பக்கத்துக்கு ஐந்து கவிதை போதும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று நல்லவை இலவசமாக இருக்கின்றன. ஒன்றை எடுத்து, அளவைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, வரி இடைவெளியை ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுங்கள். தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் நெருக்கமான வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியதுபோல் தெரியும்.

6. வரி உடையாமல் ஏற்றுவது

மற்ற எதில் தவறினாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், இதில் தவறினால் நீங்கள் எழுதாத ஒரு கவிதையை வாசகர் படித்துவிட்டுப் போகிறார். என்னுடைய சின்னக் கவிதை ஒன்றை வைத்தே காட்டுகிறேன்.

வாசலில் அம்மா கோலம் போட்டு முடிப்பதற்குள்
வந்துவிட்டன எறும்புகள்
இன்று
புள்ளி குறைவு

கணினியில் இது நான்கு வரி. நான் சோதிக்கும் பழைய கைபேசியில் முதல் வரி அகலம் போதாமல் மடங்கி இப்படி வந்தது.

வாசலில் அம்மா கோலம் போட்டு
முடிப்பதற்குள்
வந்துவிட்டன எறும்புகள்
இன்று
புள்ளி குறைவு

‘இன்று’ என்ற ஒற்றைச் சொல்லைத் தனி வரியாக நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. தினமும் வரும் எறும்புகள், தினமும் போடும் கோலம், இன்று மட்டும் ஏதோ குறைந்திருக்கிறது, அங்கே வாசகர் ஒரு கணம் நிற்க வேண்டும். மேலே ‘முடிப்பதற்குள்’ என்பதும் தனியாக நின்றுவிட்டதால் அந்த நிறுத்தம் இரண்டாவது நிறுத்தமாகி வலுவிழந்துவிட்டது. நானே வரியைத் திருத்தினேன், ‘அம்மா கோலம் முடிப்பதற்குள்’ என்று. ‘வாசலில்’ தேவையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எல்லாக் கவிதையையும் இப்படிச் சுருக்க முடியாது, சுருக்கவும் கூடாது. நீண்ட வரிகளில் எழுதுகிறவர்கள் மடங்கும் பகுதி மட்டும் சற்று உள்தள்ளி வரும்படி வார்ப்புருவில் அமைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். வார்ப்புருவின் நிரலில் இரண்டு வரி சேர்க்கும் வேலை, தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்.

ஏற்றும்போது செய்ய வேண்டியவை இவை. வேர்டில் இருந்து நேரடியாக ஒட்டாதீர்கள், அதன் எழுத்துருவும் அளவும் இடைவெளியும் கூடவே வந்து ஒவ்வொரு கவிதையும் ஒவ்வொரு தோற்றத்தில் நிற்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும். வரியை முறிக்க ஷிஃப்டோடு என்டர், பத்தியை முறிக்க வெறும் என்டர். எல்லா இடத்திலும் என்டரை மட்டும் அழுத்தினால் வரிகளுக்கு நடுவே பத்தி இடைவெளி விழுந்து எந்த இடத்தில் பத்தி முடிகிறது என்பதே தெரியாமல் போகும். வரியின் தொடக்கத்தில் இடம் விட்டு எழுதுகிறவர்கள் ஸ்பேஸ் பாரை எத்தனை முறை தட்டினாலும் வெளியிட்ட பின் அது நிற்கும் என்று நம்ப முடியாது. வேர்ட்பிரஸில் இதற்கென்றே ‘வெர்ஸ்’ என்று ஓர் எழுதும் பெட்டி இருக்கிறது, அதில் இடைவெளி அப்படியே நிற்கும்.

கவிதையைப் படமாக்கிப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. மழைப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் கவிதை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சரி, வலைப்பூவில் அது மட்டும் இருந்தால் தேடுபொறிக்கு அந்தக் கவிதை இல்லவே இல்லை. கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பானுக்கும் இல்லை. வயதானவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடியாது, பிடித்த இரண்டு வரியை எடுத்து நண்பருக்கு அனுப்ப முடியாது. படம் வேண்டுமானால் வையுங்கள், அதன் கீழே கவிதை எழுத்தாகவும் இருக்கட்டும்.

7. தலைப்பு, சுட்டி, குறிச்சொல்

‘கவிதை 12’, ‘மழை’, ‘நீ’, ‘தலைப்பில்லாதது’ இவை வேண்டாம். ‘மழை’ என்ற தலைப்பில் எத்தனை ஆயிரம் கவிதைகள் இருக்கும்? வாசகர் நினைவில் எந்தத் தொடர் தங்குமோ அதைத் தலைப்பாக்குங்கள். நமக்கு இது புதிதல்ல. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் தெரியாமல், அந்தப் பாட்டில் வரும் செம்புலப்பெயல்நீரை வைத்தே அவரைச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். அடுத்த பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார், அதுவும் அப்படித்தான்.

தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாக்கர் அந்தப் பதிவின் சுட்டியில் (இணைய முகவரியில்) தமிழை விட்டுவிட்டு ‘பிளாக் போஸ்ட்’ என்று பொதுவாகப் போட்டுவிடும், அடுத்த கவிதைக்கு அதோடு ஓர் எண். வேர்ட்பிரஸில் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறியும் எண்களுமாக மாறும். ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து இடம், ஆக நான்கு சொல் தலைப்புக்கே சுட்டி வாட்ஸ்அப்பில் பாதித் திரையை அடைக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: வெளியிடும் முன் சுட்டியை நீங்களே சின்ன ஆங்கில எழுத்துகளில் இரண்டு சொல்லாக எழுதிவிடுங்கள். பிளாக்கரில் வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்தவை எல்லாம் உடையும்.

கவிதைகளை வகைபிரிக்கும் குறிச்சொற்கள் எட்டுப் பத்துக்கு மேல் வேண்டாம். ‘வாழ்க்கை’, ‘உணர்வு’ போன்றவற்றால் பயனில்லை. ‘ஊர்’, ‘அம்மா’, ‘ரயில்’, ‘நீள்கவிதை’ என்றால் ஒன்றைப் படித்தவர் அதே சாயலில் இன்னொன்றைத் தேடிப் போவார்.

8. பத்து கவிதை ஏறும் வரை யாரிடமும் சொல்லாதீர்கள்

இரண்டு நண்பர்களுக்கு மட்டும் காட்டுங்கள், அதில் ஒருவராவது கவிதை அதிகம் படிக்காதவராக இருக்கட்டும். அவரிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே விரல் தடுமாறுகிறது, அடுத்த கவிதைக்கு எப்படிப் போவது என்று எங்கே தேடுகிறார் என்பதைப் பாருங்கள். நான் உதவிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வலைப்பூவில் அவருடைய பேத்தி இரண்டாம் கவிதைக்குப் போக வழி தெரியாமல் மூடிவிட்டாள். ‘பழைய பதிவுகள்’ என்ற சுட்டி வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது, அவ்வளவுதான். நிறத்தை மாற்றினோம்.

இந்தச் சமயத்தில் ‘என்னைப் பற்றி’ பக்கத்தையும் எழுதிவிடுங்கள். ஐந்து வரி. ஊர், என்ன வேலை, எங்கே வெளிவந்திருக்கிறது, எந்த மின்னஞ்சலில் எழுதலாம். இதழாசிரியர் ஒருவர் உங்களைத் தொடர்புகொள்ள விரும்பினால் அவருக்கு வேண்டியது அந்த மின்னஞ்சல்தான், பாதிப் பேர் அதைப் போடுவதே இல்லை.

9. வாசகரைத் தேடிப் போவது

பழைய வழிகாட்டிகளில் பல வலைப்பூக்களின் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் இணையச் சொல்லியிருப்பார்கள். அது வேறு காலம், இன்று திரட்டியை நம்பி உட்கார முடியாது. இப்போது வாசகர் ஒருவர் ஒருவராகத்தான் வருகிறார், அதில் வருத்தப்பட எதுவும் இல்லை, கவிதைக்கு அந்த வேகம் பொருத்தமானதுதான்.

முதல் வழி, மற்றவர்களைப் படிப்பது. உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பத்துப் பேரைத் தேடிப் படியுங்கள். பிடித்த கவிதைக்கு ‘அருமை’, ‘சிறப்பு’ என்று எழுதாமல், எந்த வரி எங்கே பிடித்தது என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ‘என் கவிதையையும் படியுங்கள்’ என்று சுட்டி போடாதீர்கள். கவனமாகப் படித்த ஒருவர் யார் என்று பார்க்க அந்தக் கவிஞரே உங்கள் பெயரைத் தட்டி வருவார். எனக்கு இன்று வரை மின்னஞ்சல் எழுதும் வாசகர்களில் பாதிப் பேர் இந்த வழியில் வந்தவர்கள்.

இரண்டாவது, வாசிப்புக் குறிப்பு. அறிமுகமில்லாத கவிஞரின் கவிதையை யாரும் தேடுவதில்லை, அவர் பெயரே தெரியாதே. தெரிந்த கவிஞரைப் பற்றித் தேடுவார்கள். ஆகவே நான்கு கவிதைக்கு ஒரு முறை, உங்களைப் பாதித்த ஒரே ஒரு கவிதையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அதைத் தேடி வருகிறவர் பக்கத்திலேயே உங்கள் கவிதையையும் பார்ப்பார். பாரதியின் பாட்டு என்றால் முழுதாகத் தரலாம், அது எல்லோருக்கும் பொது. இன்று எழுதுகிறவர்களின் கவிதையை முழுதாக எடுத்துப் போட வேண்டாம், இரண்டு மூன்று வரி போதும், முழுதாக வேண்டுமென்றால் அவரிடமே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் குழுக்களை விட்டுவிட்டுத் தனித்தனியாகப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். எட்டு வரிக்கு உட்பட்ட கவிதை என்றால் முழுதாகவே செய்தியில் எழுதி, கடைசியில் சுட்டி. மூன்று வரி போட்டு ‘மேலும் படிக்க’ என்று இழுத்தால் யாரும் வருவதில்லை. ஃபேஸ்புக்கிலும் கவிதையை முழுதாகப் போட்டு, சுட்டியை முதல் பின்னூட்டத்தில் வையுங்கள்.

நேரிலும் வாசகர் கிடைப்பார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, உங்கள் மாவட்டத்துப் புத்தகக் காட்சி, வாசகசாலை போன்ற அமைப்புகளின் கூட்டங்கள், எங்கே போனாலும் கையில் நூறு சின்ன அட்டை வைத்திருங்கள். ஒரு பக்கம் நான்கு வரிக் கவிதை, மறுபக்கம் வலைப்பூவுக்குப் போகும் கியூஆர் குறி. விசிட்டிங் கார்டு போல எந்த அச்சகத்திலும் அடித்துத் தருவார்கள். கவிதை இருப்பதால் அட்டையைத் தூக்கிப் போட மாட்டார்கள், புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

10. வந்தவர் திரும்பி வர

வாரத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. புதிய பதிவுகளை வாசகருக்கு மின்னஞ்சலில் அனுப்ப பிளாக்கரில் பலரும் நம்பியிருந்த ஃபீட்பர்னர், அந்தச் சேவையை 2021இல் நிறுத்திவிட்டது, பழைய வார்ப்புருக்களில் அந்தப் பெட்டி இன்னும் செத்துப்போய் நிற்கிறது, இருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்கு மாற்றாக, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், எனவே சேமிக்கச் சொல்லுங்கள். கேட்காதவரைச் சேர்க்காதீர்கள்.

11. எண்ணிக்கையும் காப்பும்

பிளாக்கரின் புள்ளிவிவரத்தில் உங்கள் சொந்த வருகையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். ஒரே இரவில் தூர நாடு ஒன்றிலிருந்து முந்நூறு வருகை என்றால் அது எந்திரம், வாசகரல்ல. நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த மாதம் எத்தனை பேர் ஒரு குறிப்பிட்ட வரியைச் சொல்லி எழுதினார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமைப்புகளில் போய் முழு வலைப்பூவையும் காப்புப் பிரதி எடுத்து உங்கள் கணினியில் வையுங்கள். இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முக்கியமான பக்கங்களைச் சேமித்துவிட்டால், உங்கள் கவிதை இன்ன தேதியில் இங்கே இருந்தது என்பதற்கு வெளிச் சான்றும் ஆகும். யாராவது பெயரை எடுத்துவிட்டுப் பகிர்ந்தால் அந்தச் சான்று கைகொடுக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய கணத்திலிருந்தே உரிமை உங்களுடையது, பதிவுசெய்வது கட்டாயமில்லை.

12. தொகுப்பாக்கும்போது

இரண்டு வருடம் ஓடினால் எண்பது தொண்ணூறு கவிதைகள் சேர்ந்திருக்கும், புத்தகமாக்கும் ஆசை வரும். பதிப்பாளரிடம் போகும் முன், எவையெல்லாம் வலைப்பூவில் வந்தவை என்று பட்டியலோடு சொல்லிவிடுங்கள். அமேசான் கிண்டிலில் நீங்களே வெளியிடுவதானால் தமிழில் ஏற்றலாம், ஆனால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் டிக் அடிக்கும் முன் நிதானியுங்கள். அதில் சேர்ந்தால் அந்த மின்னூல் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவிலும்தான். தெரியாமல் சேர்ந்துவிட்டு, பிறகு வலைப்பூவில் இருந்து அறுபது கவிதையை ஒரே நாளில் எடுக்க வேண்டிவந்த நண்பர் இருக்கிறார், அந்தக் கவிதைகளுக்கு வெளியே கொடுத்திருந்த சுட்டிகள் எல்லாம் அன்றோடு செத்துப்போயின. அந்த டிக்கை அடிக்காமலும் கிண்டிலில் வெளியிடலாம். விலை வேண்டாம், பரவலாகப் போனால் போதும் என்றால், உங்கள் பெயரோடு மற்றவர்கள் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச மின்னூலாக வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம் இருக்கிறது, அங்கே வலைப்பூவில் வந்ததைத் தொகுத்தே கொடுக்கலாம்.